குன்னூருக்குக் கீழும் மேலும்: நீலகிரி மலை ரயிலின் இரு பாதிகள்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர் ஓடும் நீலகிரி மலை ரயிலை ஒரே பாதையாகவே பேசி நமக்குப் பழகிவிட்டது. 2005-இல் யுனெஸ்கோ வழங்கிய உலகப் பாரம்பரியத் தகுதியும் முழுப் பாதைக்குமானதுதான். ஆயினும் குன்னூருக்குக் கீழே உள்ள பாதியும் மேலே உள்ள பாதியும் கட்டப்பட்ட காலம், மலையேறும் முறை, இன்ஜின், ஏறி இறங்கும் மக்கள் என எல்லாவற்றிலும் வேறானவை. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர் முதலில் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது.

மலைக்கு ரயில் விட வேண்டும் என்ற பேச்சு 1854-இலேயே எழுந்தது. 1891-இல் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு வேலையைத் தொடங்கிவைத்தார். எடுத்து நடத்திய நிறுவனம் பாதியிலேயே நொடித்துப்போக, வேறொரு நிறுவனம் வந்து முடித்து, 1899 ஜூனில்தான் குன்னூருக்கு ரயில் வந்தது. உதகைக்கு வர மேலும் ஒன்பது ஆண்டுகள் பிடித்து 1908 ஆயிற்று. ஆக, பேச்சு எழுந்து குன்னூர் வர நாற்பத்தைந்து ஆண்டுகள், அங்கிருந்து உதகை வர ஒன்பது: கீழ்ப்பாதிக்குப் பட்ட பாடு மேல்பாதிக்குப் படவில்லை.

அதற்குக் காரணம் மலையின் சரிவு. மலையடிவார நிலையமான கல்லாறு ஏறத்தாழ 405 மீட்டர் உயரத்திலும் குன்னூர் 1,712 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இடையே உள்ள 1,300 மீட்டர் ஏற்றத்தை ரயில் வெறும் 20 கிலோமீட்டரில் ஏறி முடிக்கிறது; மிகச் செங்குத்தான இடங்களில் சுமார் பன்னிரண்டரை மீட்டர் முன்னேறினால் ஒரு மீட்டர் உயரும். வழுவழுப்பான தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் இந்தச் சரிவில் பிடிக்காது. குன்னூருக்கு மேலே இருப்பதுபோல் 25-க்கு 1 என்ற சரிவிலேயே கீழேயும் பாதை போட்டிருந்தால், அதே உயரத்துக்குக் குறைந்தது 32 கிலோமீட்டர் தேவைப்பட்டிருக்கும். மண் சரிவுக்குப் பேர்போன அந்த மலைமுகத்தில் கூடுதலாகப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குப் பாறை குடைந்து பாலம் கட்டுவதைவிட, இன்ஜினின் பல்சக்கரம் பிடித்து ஏறுவதற்கான பல்தண்டவாளம் மலிவு என்று அன்று கணக்குப் போட்டது நியாயமே. ஆனால் அதற்கான விலையை இன்றுவரை வேகத்தில் கட்டிக்கொண்டிருக்கிறோம்: பல்தண்டவாளத்தில் மணிக்கு 13 கிலோமீட்டர், மேலே 30. நீண்ட பாதை போட்டிருந்தால்கூட ரயில் இதைவிட முன்னதாகக் குன்னூர் சேர்ந்திருக்கும் என்பதை நம் பெருமைப் பேச்சுகளில் யாரும் சொல்வதில்லை.

அந்தப் பல்தண்டவாளத்தைக் கல்லாறு நிலையத்தருகே குனிந்து பார்க்கலாம். இரு தண்டவாளங்களுக்கும் நடுவே, அவற்றைவிடச் சற்று உயரமாக, பற்கள் வெட்டிய இரண்டு எஃகுப் பட்டைகள் அடுத்தடுத்து ஓடுகின்றன. ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி வருமாறு அவை தள்ளிப் பொருத்தப்பட்டிருப்பதால், இன்ஜினின் பல்சக்கரத்துக்கு எந்த நொடியிலும் பிடிமானம் உண்டு. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது. ஓடிவரும் சக்கரம் பட்டையின் மீது மோதாமல் பல்லோடு பல் பொருந்தி ஏறுவதற்காக, பட்டை தொடங்கும் இடத்தில் வில்சுருள் மீது அமர்ந்த ஒரு துண்டு தனியாக வைக்கப்பட்டிருக்கிறது.

கீழ்ப்பாதியில் ஓடும் எக்ஸ் வகை நீராவி இன்ஜினிலும் இரண்டு இயந்திரங்கள் இருக்கின்றன எனலாம். உயரழுத்த நீராவி முதலில் ஒரு ஜோடி உருளைகளில் புகுந்து வழக்கமான சக்கரங்களைச் சுழற்றுகிறது. அங்கிருந்து அழுத்தம் குறைந்து வெளிவரும் அதே நீராவி மற்றொரு ஜோடிக்குப் போய்ப் பல்சக்கரங்களைச் சுழற்றுகிறது. இந்த இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் கட்டப்பட்டு வந்தவை. 2011 முதல் திருச்சி பொன்மலை பணிமனை, எண்ணெயில் எரியும் புதியவற்றைச் செய்து தந்தது. இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே நிற்கும் என்பதால், ஏறும்போது அது பின்னாலிருந்து தள்ளுகிறது. முன்னே இருப்பது ஓட்டுநருக்குத் தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேன் காட்டும் கொடிதான் அவருக்குக் கண். தண்ணீர் பிடிக்க ஹில்குரோவ் போன்ற நிலையங்களில் நின்று நின்று ஏறுவதால், குன்னூர் வரையிலான 28 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

குன்னூரில் நீராவி இன்ஜின் கழற்றப்பட்டு டீசல் இன்ஜின் மாட்டப்படுகிறது. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக 18 கிலோமீட்டரை ஒன்றேகால் மணி நேரத்தில் அது முடித்துவிடும். இதில் விசித்திரம் ஏதும் இல்லை. சாதாரண மீட்டர் கேஜ் ரயில்தான். ஆனால் ராணுவக் குடியிருப்பையும், 1904-இல் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலையையும், கேத்திப் பள்ளத்தாக்கின் காய்கறித் தோட்டங்களையும் ஊர் ஊராகத் தொட்டுச் செல்வது இந்தப் பாதிதான். இதை ‘டாய் ட்ரெயின்’ என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. குன்னூருக்கும் உதகைக்கும் இடையே ஒரு நாளில் பல முறை ஓடும் இந்த வண்டிகள், மலைவாழ் மக்களுக்குப் பயன்படத்தக்க ரயிலாக இன்னும் மிஞ்சியிருப்பவை.

நம்பகத்திலும் மேல்பாதிக்கே முதலிடம். வடகிழக்குப் பருவமழையில் பாறையும் மரமும் தண்டவாளத்தில் விழுந்து சேவை ரத்தாவது பெரும்பாலும் கல்லாறு–குன்னூர் இடையில்தான். 2009 நவம்பர் மழை பாதையையே பல இடங்களில் அரித்துச் சென்றது. கீழ்ப்பாதி நின்றிருக்கும் நாள்களிலும் மேலே வண்டி ஓடுவது வழக்கம்.

பொறியியலில் ஆர்வம் உள்ளவர் கீழ்ப்பாதியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், அதுவும் ஏறும் திசையில். இறங்கும்போது இன்ஜின் உழைக்கும் ஓசை கேட்காது. குன்னூரில் இறங்கிப் பேருந்தில் உதகை போனால் அவருக்குப் பெரிய இழப்பில்லை. சிறு குழந்தைகளோடும் முதியவர்களோடும் வருபவர்களும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருபவர்களும் மேட்டுப்பாளையம் சீட்டுக்கு வாரக்கணக்கில் காத்திருப்பதை விட்டுவிட்டு, பேருந்தில் குன்னூர் வந்து அங்கிருந்து உதகைக்கு ரயில் ஏறலாம்.