5,28,000 ரூபாய் போச்சு! விபத்துக் கேஸை ‘முடிச்சுத் தர்றோம்’ என்று வருபவர்களிடம் ஜாக்கிரதை

நேற்றுதான் விபத்தில் காலில் அடிபட்ட அண்ணன் கணக்கில் இழப்பீட்டுப் பணம் ஏறியது. 4,80,000 ரூபாய். அதிலும் 1,20,000-ஐக் ‘கமிஷன்’ என்று அன்றைக்கே கறந்துகொண்டு போய்விட்டார்கள். பெயர் சொல்லப் போவதில்லை. விபத்துக் கேஸ்களை மொத்தமாகப் பிடிக்கும் கன்சல்டன்சி, ஆஸ்பத்திரி வார்டுக்கே ஆள் அனுப்பும் ரகம்.

அவர்கள் நீட்டிய கணக்குத் தாளைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். வயது 38, பெருக்கல் காரணி (ஆண்டு வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்று வயதை வைத்துச் சொல்லும் எண்) 15 என்று போட்டிருந்தது. உச்ச நீதிமன்றத்தின் 2009 சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணையில் 36 முதல் 40 வயதுக்கு 15தான். அந்த ஒரு எண் சரியாக இருக்கிறதே என்று நம்பித்தான் அண்ணன் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார். கூடவே வெற்றுத் தாளிலும் வாங்கிக்கொண்டார்கள்.

வேலையைக் காட்டியது மற்ற எண்களில். மாத வருமானம் 20,000. அதில் சொந்தச் செலவு என்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருக்கிறார்கள். இறந்தவர் வழக்கில் செய்யும் கழிவு அது. உயிரோடு இருப்பவர் சாப்பிட வேண்டாமா? காயம்பட்டவருக்கு அந்தக் கழிவு தேவையில்லை என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்தது, எதிர்கால வருமான உயர்வு. 40 வயதுக்குக் கீழே, நிரந்தர வேலை இல்லாதவர் என்றால் வருமானத்தோடு 40 சதவீதம் கூட்ட வேண்டும் (2017 பிரணய் சேத்தி தீர்ப்பு). நிரந்தர ஊனமுற்றவருக்கும் அது பொருந்தும் என்று 2020-இல் பப்பு தேவ் யாதவ் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. தாளில் அது மருந்துக்கும் இல்லை.

இந்த இரண்டை மட்டும் திருத்துங்கள். 20,000-த்தோடு 40 சதவீதம் சேர்த்தால் மாதம் 28,000. 28,000 × 12 × 15 = 50,40,000. ஊனத்தால் வருமான இழப்பு என்று அவர்கள் போட்ட அதே 20 சதவீதத்துக்கே 10,08,000 வருகிறது. கொடுத்தது 4,80,000. ஆக 5,28,000 ரூபாய் போச்சு. இது குறைந்தபட்சக் கணக்கு.

ஏனென்றால் அந்த 20 சதவீதமே தப்பு. மருத்துவச் சான்றிதழில் இருப்பது ‘வலது காலைப் பொறுத்து 40 சதவீதம்’. அதைப் பாதியாக்கி உடம்பு முழுமைக்கு 20 என்றார்கள். அதையே வருமான இழப்பு என்றும் எழுதிவிட்டார்கள். மூன்றும் வேறு வேறு. விபத்துக்கு முன் என்ன தொழில், இப்போது எந்தெந்த வேலை முடியும், பழைய தொழிலைக் கொஞ்சமாவது தொடர முடியுமா என்று பார்த்துத்தான் தீர்ப்பாயம் (விபத்து இழப்பீட்டை விசாரிக்கும் மன்றம்) வருமான இழப்புச் சதவீதத்தை முடிவு செய்ய வேண்டும். அண்ணன் லாரி ஓட்டுநர். முட்டி மடங்காத வலது காலால் பிரேக்கை எப்படி மிதிப்பார்? மேஜை வேலைக்காரருக்கு 20 பொருந்தலாம். ஓட்டுநருக்கு 60 என்று எடுத்திருந்தாலே 30,24,000. இதை நிறுவ, சான்றிதழ் கொடுத்த டாக்டரைச் சாட்சியாகக் கூப்பிட்டு, ‘இவரால் கனரக வாகனம் ஓட்ட முடியுமா’ என்று கேட்டிருக்க வேண்டும். கூப்பிடவே இல்லை.

கேட்கப் போனால், “சார் ஹியரிங்ல இருக்காரு.” மறுபடி போனால், “கோர்ட் கணக்கு அப்படித்தாம்மா, உங்களுக்குப் புரியாது.” கடைசியில் ஒரு பையன் சிரித்துக்கொண்டே, “லோக் அதாலத்ல முடிஞ்சது, அப்பீலே கிடையாது” என்றான். அது மட்டும் உண்மை! தீர்ப்பாயம் வழங்கிய தீர்ப்பு என்றால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். லோக் அதாலத் (இரு தரப்பும் சமரசமாக முடித்துக்கொள்ளும் மக்கள் நீதிமன்றம்) என்றால் மோசடி போன்ற காரணம் காட்டி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவது ஒன்றுதான் வழி, அதுவும் எளிதில்லை. இதெல்லாம் தெரிந்தே அங்கே கொண்டுபோய் முடித்திருக்கிறார்கள். 5,28,000 ரூபாய்!

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. இதையாவது பாருங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவது வக்கீல்களுக்கே பார் கவுன்சில் விதிப்படி கூடாது. சதவீதம் பேசினாலே எழுந்து வந்துவிடுங்கள். வருமானத்துக்கு வங்கிப் பதிவு, டிரிப் ஷீட், லைசென்ஸ் நகல் எல்லாம் எடுத்து வையுங்கள். விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போட்டுவிடுங்கள். சமரசத்துக்குத் தலையாட்டும் முன் கணக்குத் தாளை வாங்கி, மூன்றில் ஒரு பங்கு கழித்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.