சென்னையில் அன்றாட வாகனமாக ஒரு போர்ஷே 911: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அதை ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எடுத்து, வெயில் ஏறுவதற்குள் உறை போட்டு மூடிவிடுவார்கள். நான் அவ்வாறு வைத்துக்கொள்ளவில்லை. 992 தலைமுறையைச் சேர்ந்த போர்ஷே 911 கரேரா எஸ் காரைச் சில ஆண்டுகளாகத் திருவான்மியூரிலிருந்து சோழிங்கநல்லூர் அலுவலகத்திற்கும், மகளைப் பள்ளியில் விடுவதற்கும், மளிகைக் கடைக்கும் எடுத்துச் செல்கிறேன். இப்படி ஒரு காரை வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தாம்: இந்த ஊர் டிராஃபிக்கில் அத்தனை சக்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, வேகத்தடைகளில் அடி தட்டாதா. முதல் கேள்விக்கான விடை பலரும் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறானது. இரண்டாவதற்கான விடை சற்று நீளமானது.

2,981 சிசி கொள்ளளவில், எதிரெதிராகப் படுத்த நிலையில் அமைந்த ஆறு சிலிண்டர்கள், இரண்டு டர்போக்கள், 450 குதிரைத்திறன். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்ட 3.7 வினாடிகள் போதும். உச்ச வேகம் 308 கி.மீ. எட்டு கியர்கள் கொண்ட, தானாகவே கியர் மாற்றும் பிடிகே பெட்டியில் அந்த உச்ச வேகம் ஆறாவது கியரிலேயே வந்துவிடுகிறது. ஏழும் எட்டும் நெடுஞ்சாலையில் இன்ஜினை நிதானமாகச் சுழல விடுவதற்காக வைக்கப்பட்டவை. அன்றாட வாழ்க்கையில் இந்த எண்களில் எதுவும் என் கைக்கு வருவதில்லை. நிமிடத்திற்கு 2,300 சுழற்சியிலேயே முழுமையாகக் கிடைத்துவிடும் 530 நியூட்டன் மீட்டர் இழுவிசை மட்டும்தான் நகருக்குள் பயன்படுகிறது. மத்திய கைலாஷ் சந்திப்பில் பச்சை விழுந்ததும் ஆக்ஸிலரேட்டரை ஒரு மயிரிழை அழுத்தினால் போதும், வண்டி சத்தமின்றி முன்னே நகர்ந்துவிடும்.

இந்தக் காரின் பெருமை அதன் வேகத்தில் இருக்கிறது என்று எண்ணி வாங்குபவர்கள் சென்னையில் ஏமாந்து போவார்கள் என்பது என் திடமான கருத்து. இதன் அருமை முப்பது, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில்தான் தெரிகிறது. பிரேக் மிதியில் பாதத்தின் எடை எவ்வளவு கூடுகிறதோ அதே அளவுக்கு, கூடுதலும் இல்லை குறைவும் இல்லை என்னும்படி, வண்டி வேகம் குறைகிறது. நிற்கும் கடைசி அடியில் தலை முன்னே சாய்வதில்லை. ஸ்டீயரிங்கின் வழியாகச் சாலையின் வெள்ளைக் கோட்டுப் பூச்சின் தடிப்புகூட விரல்களுக்குத் தெரிகிறது. எல்.பி. சாலையில் ஊர்ந்து செல்லும் அரை மணி நேரத்தில்கூட ஓட்டுபவரின் கவனத்திற்கும் கைத்திறனுக்கும் வேலை இருக்கிறது; அந்த வேலை இருப்பதால்தான் வீட்டுக்கு வந்து சேரும்போது நான் எரிச்சலோடு வருவதில்லை. இதை 450 குதிரைத்திறன் தரவில்லை. காரின் அமைப்பு தருகிறது.

அமைப்பு என்று சொல்லும்போது முதலில் பார்வையைச் சொல்ல வேண்டும். 1963 ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமானபோது ஃபெர்டினாண்ட் அலெக்ஸாண்டர் போர்ஷே வரைந்து தந்த வடிவத்தின் அடிப்படை இன்றும் மாறவில்லை: முன் சக்கரங்களின் மேல் இரண்டு திமில்கள், நடுவே தாழ்ந்த பானெட். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தால் அந்த இரண்டு திமில்களும் கண்ணுக்கு நேரே தெரியும். சக்கரம் எங்கே இருக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இன்ஜின் இதைப்போல் பின்னால் இல்லாமல் நடுவில் அமைந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் முன்பகுதி பார்வையிலிருந்து சரிந்து மறைந்துவிடுவதால், ஆட்டோக்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் இடையே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் செல்ல வேண்டியிருக்கும். இந்தக் காரின் உடல் 1,852 மி.மீ. அகலம், அதாவது ஏறக்குறைய ஃபார்ச்சூனரின் அகலம். நீளத்தில் இன்னோவா கிரிஸ்டாவைவிட இருபது சென்டிமீட்டருக்கும் மேல் குறைவு. இந்த அளவுகளை மனத்தில் பதிய வைத்துக்கொண்டால் பயம் பாதியாகக் குறைந்துவிடும்.

இனி வேகத்தடைகள். சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் ஐ.ஆர்.சி. 99 விதிமுறைப்படி ஒரு வேகத்தடை 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டாக, 3.7 மீட்டர் அகலத்தில், 10 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். 911இன் முன், பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் 2.45 மீட்டர். விதிப்படி கட்டப்பட்ட மேட்டின் மீது காரின் நடுப்பகுதி வரும்போது நான்கு சக்கரங்களும் அதே வளைவின் மேல்தான் நிற்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால், மேட்டின் உச்சி சக்கரங்களின் மட்டத்திலிருந்து நான்கரை சென்டிமீட்டருக்கும் குறைவாகவே எழுந்திருக்கும். எந்த ஸ்போர்ட்ஸ் காரும் சிரமமின்றிக் கடந்துவிடக்கூடிய உயரம் அது. நம் காலனிகளிலும் உள் தெருக்களிலும் இருப்பவையோ குடியிருப்போர் தாமே ஒரு மூட்டை சிமென்ட்டைக் கொட்டிப் பூசிய, ஓரடி அகலமுள்ள வரப்புகள். சக்கரங்கள் இருபுறமும் சமதரையில் நிற்க, வரப்பின் முழு உயரமும் காரின் வயிற்றை நோக்கி எழுகிறது. காரின் தாழ்வைக் குறை சொல்பவர்கள், விதியை மீறிய இந்த வரப்புகள் சாதாரண ஸ்கூட்டரில் செல்லும் முதியவரின் முதுகுக்கு என்ன செய்கின்றன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முன் அச்சை உயர்த்தும் லிஃப்ட் வசதி இருப்பதால் இதைச் சமாளிக்க முடிகிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் காரின் மூக்கு 40 மி.மீ. எழும், 2021 மாடல் முதல், ஓர் இடத்தில் ஒருமுறை பதிந்து வைத்தால் அடுத்த முறை அங்கே வரும்போது ஜிபிஎஸ் உதவியோடு தானாகவே எழுந்துகொள்ளும். எங்கள் அடுக்குமாடியின் சரிவுப் பாதை, பள்ளி வாசல், அலுவலகத்தின் அடித்தள பார்க்கிங் ஆகியவற்றை நான் பதிந்து வைத்திருக்கிறேன். ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். உயர்வது முன் அச்சு மட்டும்தான். காரின் நடுவயிறு அதில் பாதி அளவே, அதாவது இரண்டு சென்டிமீட்டர்தான் உயரும். ஆகவே சரிவுப் பாதைகளில் மூக்கைக் காப்பாற்றும் லிஃப்ட், கூர்மையான வரப்புகளில் வயிற்றை முழுமையாகக் காப்பாற்றாது. அங்கே வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக மேலே ஏற்றி இறக்குவதுதான் ஒரே வழி. பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும். அலுவலகக் காவலாளி ஒருவர் முதல் வாரத்திலேயே, "சார், லெஃப்ட்ல ஒடிச்சு வாங்க, அந்தப் பக்கம் மேடு கம்மி" என்று வழி சொன்னார். இன்றுவரை அந்தத் தடத்தில்தான் ஏற்றி இறக்குகிறேன்.

வயிற்றைவிட அதிகக் கவலை தருபவை டயர்கள். கரேரா எஸ்ஸின் முன் சக்கரம் 20 அங்குலம், பின் சக்கரம் 21 அங்குலம். 245/35 அளவுள்ள (245 மி.மீ. அகலம், அதில் 35 சதவீதம் உயரம்) முன் டயரில் ரிம்முக்கும் சாலைக்கும் இடையே இருக்கும் ரப்பரின் உயரம் எட்டரை சென்டிமீட்டர்தான். 305/30 அளவுள்ள பின் டயரில் ஒன்பது சென்டிமீட்டருக்குச் சற்று மேல். சாதாரண ஹேட்ச்பேக் ஒன்றில் இது பன்னிரண்டு சென்டிமீட்டர் இருக்கும். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காகத் தடுப்புகள் வைத்து மாற்றிவிடப்பட்ட பழைய மகாபலிபுரம் சாலையில், தண்ணீர் நிரம்பிய ஒரு பள்ளத்தில் இறங்கியதில் முன் டயரின் பக்கவாட்டில் எலுமிச்சையளவு வீக்கம், அதாவது பல்ஜ், வந்துவிட்டது. உள்ளே நூலடுக்கு அறுந்த டயரைப் பழுது பார்க்க வழியில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். ஸ்டெப்னி கிடையாது, ஒட்டுத் திரவமும் காற்றடிக்கும் கம்ப்ரஸரும்தான் தருகிறார்கள், பக்கவாட்டுக் கிழிசலுக்கு அவை உதவா. வாரம் ஒருமுறை நான்கு டயர்களின் உட்பக்கத்தையும் கையால் தடவிப் பார்ப்பதை இந்தக் கார் வைத்திருக்கும் எவரும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஏனெனில் பல்ஜ் கண்ணுக்குத் தெரியாத உட்புறத்திலும் வரும். இன்ஜின் பின்னால் இருப்பதால் எடையில் பெரும்பங்கு பின் அச்சின் மேல் விழுகிறது. பின் டயர்கள் முன் டயர்களைவிட விரைவாகத் தேய்ந்துவிடும் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மழைக்காலத்தில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நனைந்த சாலையில் இந்தக் கார் நான் ஓட்டிய எந்தக் காரையும்விட நம்பிக்கை தருகிறது. முன் சக்கரங்களின் மேல்வளைவுக்குள் ஒலி உணரிகள் இருக்கின்றன. டயர் வாரியடிக்கும் நீரின் சத்தத்தைக் கேட்டே சாலை எவ்வளவு நனைந்திருக்கிறது என்பதை அறிந்து, ஈரச் சாலைக்கான வெட் மோடுக்கு மாறும்படி திரையில் எச்சரிக்கும். மாறியதும் ஆக்ஸிலரேட்டரின் துடிப்பு தணிந்துவிடும். அகலமான பின் டயர்கள் தேங்கிய நீரின் மேல் மிதக்கும் அபாயம் உண்டு என்பதால் அந்த எச்சரிக்கையை நான் ஒருபோதும் அலட்சியம் செய்வதில்லை. தேங்கிய வெள்ளம் வேறு விஷயம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, முழங்கால் அளவு நீர் நிற்கக்கூடும் என்ற அறிவிப்பு வந்த நாளில் இந்தக் காரை வெளியே எடுப்பதில்லை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி மக்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தி வைத்தார்களே, அது முற்றிலும் நியாயமான முன்னெச்சரிக்கை.

பெட்ரோலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிராஃபிக்கில் லிட்டருக்கு ஐந்து, ஆறு கிலோமீட்டர் கிடைக்கிறது. நெடுஞ்சாலையில் அதைப்போல் இரு மடங்கு. உயர் ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கும் பங்க் எது என்று தெரிந்து வைத்துக்கொள்வது மட்டும் அவசியம். மே மாத வெயிலிலும் ஏசி குறை வைத்ததில்லை. வண்டியை நிறுத்திய பின்னும் பின்புறத்தில் மின்விசிறி சிறிது நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அது பழுதன்று, இன்ஜின் அறையின் வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடு.

குடும்பத்திற்கு இது ஒத்து வருமா என்றால், எங்கள் வீட்டில் வேறொரு காரும் இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். முன்னால் உள்ள 132 லிட்டர் டிக்கியில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையும் அதன் மேல் ஒரு காய்கறிப் பையும் தாராளமாக அடங்கும். இன்ஜின் பின்னால் இருப்பதால் கீரை வாடாமல் வீடு வந்து சேருகிறது. பின் இருக்கைகள் சிறு பிள்ளைகளுக்கு மட்டுமே; என் மகள் இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் அங்கே உட்கார முடியாது. முழங்கால் வலி உள்ள என் அம்மாவுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரும்பாடு. "முதல்ல ரெண்டு காலையும் வெளிய வைங்கம்மா, அப்புறம் என் கையைப் பிடிச்சுக்குங்க" என்று சொல்லித்தான் இறக்க வேண்டியிருக்கிறது. இரண்டு கதவுகள் மட்டுமே என்பதால் ஒவ்வொன்றும் நீளமானது. மால்களின் குறுகிய பார்க்கிங் கட்டத்தில் அது பாதிதான் திறக்கும். ஆகவே தூண் ஓரத்து இடமாகப் பார்த்து, கொஞ்சம் தொலைவானாலும் அங்கே நிறுத்துவதே நல்லது.

மற்றவர்களின் ஆர்வம் இனிமையானது, ஆனால் சாலையில் அதுவே ஆபத்தாகிவிடுகிறது. பைக்கில் வரும் இளைஞர்கள் ஒரு கையில் கைபேசியைப் பிடித்து வீடியோ எடுத்தபடி, கண்ணாடியில் தெரியாத மூலையில் ஒட்டியே வருகிறார்கள். "அண்ணே, ஒரு தடவை முறுக்குங்கண்ணே" என்று சிக்னலில் கேட்பவர்களும் உண்டு. நான் அதற்கு இணங்குவதில்லை. அவர்கள் என்னைக் கடந்து சென்று பார்வையிலிருந்து மறையும்வரை வேகத்தைக் குறைத்துக்கொள்வதே என் வழக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் அப்படியே. அது பந்தயப் பாதையன்று. கோவளமும் முட்டுக்காடும் மனிதர்கள் வாழும் ஊர்கள், அங்கே மீன்கூடையோடு சாலையைக் கடப்பவரின் உயிருக்கு முன்னால் 3.7 வினாடிகளுக்கு எந்த மதிப்பும் இல்லை. இன்ஜினின் முழு வலிமையையும் காண விரும்புபவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே போய் ஓட்டுங்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை, கரேரா எஸ்ஸை விட்டுவிட்டு அடிப்படைக் கரேராவைப் பாருங்கள் என்பதே. அதன் சக்கரங்கள் முன்னால் 19, பின்னால் 20 அங்குலம். டயர் அளவுகள் 235/40, 295/35. முன்னால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரும் பின்னால் அதற்குச் சற்று மேலும் கூடுதல் ரப்பர் கிடைக்கிறது. குதிரைத்திறன் குறைவதை இந்த ஊரில் ஒரு நாளும் உணர மாட்டீர்கள், அந்த ஒரு சென்டிமீட்டரை ஒவ்வொரு பள்ளத்திலும் உணர்வீர்கள். மிச்சமாகும் தொகையில் லிஃப்ட்டையும், முன்பகுதிக்குப் பெயின்ட்டைக் காக்கும் பிபிஎஃப் படலத்தையும், காப்பீட்டில் டயருக்கும் ரிம்முக்குமான கூடுதல் பாதுகாப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பந்தயக் கார் பாணியில் உடலை இறுக்கிப் பிடிக்கும் பக்கெட் இருக்கை வேண்டாம். அம்மா அப்பாவை ஏற்றிச் செல்லும் எண்ணம் இருந்தால் உயரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய சாதாரண இருக்கைதான் ஏற்றது.