டொமினோ இருக்கிற தொட்டியில் க்ளவுன் ஜோடி: அக்ரிலிக் பெட்டி, ஒரு வருட அனுபவம்

உப்புத்தண்ணீர்த் தொட்டியில் ஏற்கெனவே ஒரு முரட்டு மீன் குடியிருக்கிறது, புதிதாக க்ளவுன் மீன் விடலாமா என்று யாராவது கேட்டால், தாராளமாக விடலாம், ஆனால் நேராகக் கொண்டுபோய்க் கொட்டிவிடாதீர்கள் என்றுதான் சொல்வேன். தொட்டிக்குள் தொங்கவிடுகிற அக்ரிலிக் பெட்டி ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதிப் பாதி, அந்தப் பெட்டிக்குள் எப்போது யாரை வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. நிறையப் பேர் புது மீனை மட்டும் சில நாள் வைத்துவிட்டுத் திறந்துவிடுகிறார்கள், அப்புறம் பெட்டி வைத்தும் பழைய மீன் கடித்துவிட்டது என்று வருத்தப்படுகிறார்கள். நான் இந்தப் பெட்டியை ஒரு வருடத்துக்கு மேலாக வைத்திருக்கிறேன். எது உதவியது, எது தேய்ந்துபோனது எல்லாம் எழுதிவிடுகிறேன்.

என் தொட்டி நான்கடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி, 250 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் வீடு மாறிப்போன ஒருவர் செட்டோடு கொடுத்தார், அதோடு சேர்ந்து வந்ததுதான் டொமினோ டாம்சல். கருப்பு உடம்பு, நெற்றியில் ஒரு வெள்ளைப் புள்ளி, பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு. குட்டியில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். கொளத்தூர்ப் பக்கம் கடல் மீன் விற்கிற கடைகளில் மலிவாகவும் கிடைக்கும், எதையும் தாங்கும் என்பதால் புதுத் தொட்டியில் முதல் மீனாக இதையே விடச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. தொட்டியில் அமோனியாவைச் சிதைக்கிற பாக்டீரியா வளர்க்க அமோனியம் குளோரைடு போதும், ஒரு உயிரை அமோனியாவில் நீந்தவிட வேண்டியதில்லை. அதோடு முதலில் வந்த டாம்சல் மொத்தத் தொட்டியையும் தன்னுடையதாக எடுத்துக்கொள்கிறது, பத்து சென்டிமீட்டரைத் தாண்டி வளர்கிறது, பிறகு வருகிற மீன்களுக்கெல்லாம் அடி விழுகிறது.

க்ளவுன் மீது மட்டும் கூடுதல் கோபம் ஏன் என்றால், இரண்டும் ஒரே குடும்பம், பொமசென்ட்ரிடே. கடலில் டொமினோ குட்டிகள் க்ளவுன் மீன்களைப் போலவே கடல் அனிமோன்களுக்கு நடுவில்தான் வளர்கின்றன, சில நேரம் ஒரே அனிமோனில். தன்னைப் போலவே உருவமும் நீச்சலும் உள்ள மீனைத்தான் டாம்சல் முதலில் குறிவைக்கும். மணலை வாயில் அள்ளிச் சலித்துக்கொண்டிருக்கிற கோபி மீனை என் டொமினோ திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கண்ணாடியைத் தேய்க்கக் கையை விட்டால் போதும், துடுப்பையெல்லாம் விரித்துக்கொண்டு வந்து விரல் நுனியைக் கொத்தும். தண்ணீரைச் சுழலவைக்கிற வேவ் மேக்கரை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தால் அது 'டக் டக்' என்று ஒலி எழுப்புவது தொட்டிக்கு வெளியிலேயே கேட்கும்.

பெட்டியைப் பெயர்ப்பலகை செய்கிற ஒரு கடையில் சொல்லிச் செய்தேன். ஓர் அடி நீளம், அரை அடி அகலம், அரை அடி உயரம், 4 மில்லிமீட்டர் அக்ரிலிக். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. மூன்று விஷயங்களைக் கறாராகச் சொல்லிவிடுங்கள். ஒன்று, நீளக் கீற்று வேண்டாம், 3 மில்லிமீட்டர் வட்டத் துளைதான் வேண்டும். கீற்று வழியாக வெளியே நீளுகிற வால் நுனியை டாம்சல் சுலபமாகக் கடித்துவிடும், வலைப் பெட்டியிலும் இதே தொல்லைதான். அடுத்தது, நான்கு பக்கமும் துளை நெருக்கமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் ஓட்டம் செத்துவிடும், சென்னை மே மாத வெயிலில் தண்ணீர் சூடேறி ஆக்சிஜன் குறைகிற நேரத்தில் இது விளையாட்டு இல்லை. மூன்றாவது, மூடி. க்ளவுன் மீன் மிரண்டால் குதிக்கும். ஒட்டுவதற்கு அவர்கள் பெரும்பாலும் குளோரோஃபார்ம்தான் பயன்படுத்துகிறார்கள், அந்த வாடை துளிகூட இல்லாமல் போகும்வரை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி எடுத்தேன். ஒரு பக்கச் சுவரை மேலே இழுக்கிற கதவாகச் செய்யச் சொன்னேன், அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

மீன் விஷயத்தில், கடலில் பிடித்ததைவிடப் பண்ணையில் பிறந்ததைத் தேடி வாங்குங்கள். க்ளவுன் மீன் குஞ்சு உற்பத்தி நம் பக்கமே நடக்கிறது, மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இதைச் செய்துகாட்டி எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. பண்ணை மீன் வந்ததுமே பெல்லட் சாப்பிடும், நோயும் குறைவு. நான் வாங்கியது ஆசெல்லாரிஸ் வகை க்ளவுன் ஜோடி, ஒன்று பெரிது, ஒன்று சிறிது, வேண்டுமென்றேதான். க்ளவுன் எல்லாம் ஆணாகவே வளரும், கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். அளவில் வித்தியாசம் இருந்தால் யார் பெரியவர் என்ற சண்டை சீக்கிரம் அடங்கிவிடும். இரண்டையும் தனித் தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்த்த பிறகுதான் பெரிய தொட்டிக்குக் கொண்டுவந்தேன். இதைத் தவிர்க்கவே கூடாது. பெட்டிக்குள் ஓடுவதும் அதே தொட்டித் தண்ணீர்தான், ப்ரூக்லினெல்லா ஒட்டுண்ணியோ வெள்ளைப்புள்ளி நோயோ துளை வழியாக எல்லா மீனுக்கும் போய்ச் சேரும்.

முதல் சில நாள் டொமினோ பெட்டியை விட்டு நகரவே இல்லை. அக்ரிலிக்கை முட்டும், சுற்றி வரும், மறுபடியும் முட்டும். உள்ளே ஒரு பிவிசி எல்போ பைப் போட்டிருந்தேன், இரண்டு க்ளவுனும் அதற்குள் முகத்தை மட்டும் வெளியே காட்டிக்கொண்டு கிடந்தன. சிறியதைக் கூர்ந்து பார்த்தால், பெரியது அருகில் வரும்போதெல்லாம் உடம்பைப் பக்கவாட்டில் நடுக்கிக் காட்டும். பார்ப்பவர்கள் வலிப்பு என்று பயந்துவிடுவார்கள், பயப்பட ஒன்றுமில்லை, நீதான் பெரியவர் என்று ஒப்புக்கொள்வது அது. தீனி போடுவதில் மட்டும் ஒழுங்கு வைத்துக்கொண்டேன். தொட்டியின் மறுகோடியில் டொமினோவுக்கு முதலில் மைசிஸ் (இறால் போன்ற சின்ன உயிர், தீனியாகக் கிடைக்கும்), அது அங்கே தின்றுகொண்டிருக்கும்போதே பெட்டிக்குள் சிரிஞ்ச் வைத்துக் கொஞ்சம். மிச்சத்தை அதே சிரிஞ்சால் உடனே உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.

நாள் போகப் போக முட்டுவது குறைந்தது. இங்கேதான் எல்லோரும் திறந்துவிடுகிறார்கள். நான் திறக்கவில்லை, ஏனென்றால் முட்டுவதை நிறுத்தினாலும் தொட்டிக்குள் அடுக்கியிருக்கிற கல் முழுக்க இன்னும் டொமினோவின் ஆட்சிதான், க்ளவுன் வெளியே வந்த கணமே விரட்டல் தொடங்கும். ஆகவே ஆளை மாற்றினேன். க்ளவுன்களைத் தற்காலிகமாகத் தனித் தொட்டிக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, பெட்டியைக் கல்லுக்குப் பக்கத்தில் இறக்கி, கதவைத் தூக்கி மீன்பிடி நரம்பில் கட்டி, தீனியைப் பெட்டிக்குள் மட்டுமே போட்டேன். டாம்சலை வலையில் பிடிக்க நினைத்தால் மொத்தக் கல்லையும் வெளியே எடுக்க வேண்டியிருக்கும், அத்தனை வேகம். பசிக்கு அது தானாகவே உள்ளே போனது, நரம்பை விட்டேன், கதவு விழுந்தது.

டொமினோ பெட்டியில் அடைபட்டிருந்த நேரத்தில் கல் அடுக்கை முழுவதுமாகக் கலைத்து வேறு மாதிரி அடுக்கினேன், க்ளவுன்களை வெளியே விட்டேன். இரண்டும் வேவ் மேக்கர் இருக்கிற மேல் மூலையைப் பிடித்துக்கொண்டன, அதுதான் அவற்றின் சுபாவம். குறைந்தது ஒரு வாரமாவது இப்படியே விட்டுவிடுங்கள், அவசரம் வேண்டாம். பெட்டிக்கு ஓர் அங்குலம் தள்ளி க்ளவுன் போகும்போதும் டொமினோ துடுப்பை விரிக்காமல் தீனியைத் தின்றால், அதுதான் நேரம். விளக்கெல்லாம் அணைந்த பிறகு டொமினோவை வெளியே விட்டேன். நாம் ஊருக்குப் போய்த் திரும்பும்போது வீட்டுச் சாமானெல்லாம் இடம் மாறிக் கிடந்தால் எப்படித் திகைப்போமோ, அப்படித்தான் மறுநாள் காலை அது நடந்துகொண்டது. விரட்டுவதற்குச் சொந்த இடம் என்று ஒன்றும் இல்லை, முதலில் தூங்க ஒரு பொந்து தேட வேண்டியிருந்தது. அன்று பகல் முழுக்க வெளிக் கண்ணாடியில் ஒரு சின்ன முகம்பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தேன், அவ்வப்போது தன் பிம்பத்தோடு மல்லுக்கு நின்றதால் க்ளவுன்களுக்கு இன்னும் கொஞ்சம் மூச்சு கிடைத்தது. இரண்டொரு துரத்தல் நடந்தது, கிழிந்த துடுப்பு ஒன்றும் இல்லை.

இப்போது டொமினோ இடது பாதி, க்ளவுன் வலது மேல் மூலை. பெரிய க்ளவுன் நன்றாக வளர்ந்துவிட்டது, எல்லை தாண்டினால் அதுவே டொமினோவைத் திருப்பி அனுப்புகிறது.

பெட்டியின் தேய்மானம் பற்றி: அதைக் கண்ணாடியில் ஒட்டி நிறுத்துகிற சக்‌ஷன் கப் உப்புத்தண்ணீரில் சில மாதம்தான், ரப்பர் விறைத்துப்போய்ப் பிடி நழுவுகிறது. கழன்று விழும் பெட்டியில் மீன் இருந்தால் ஆபத்து, அதனால் மேல் விளிம்பில் மாட்டுகிற கொக்கிக்கு மாறிவிட்டேன். பெட்டியைப் பிடித்து நிறுத்தக் காந்தம் வாங்குபவர்கள் மேல்பூச்சில் கீறல் இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள், உள்ளே உப்பு புகுந்தால் துருப்பிடித்து தண்ணீரில் கலக்கும். பாசியும் சுண்ணாம்புப் படிவும் துளைகளை அடைத்துவிடும். வெள்ளை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து மெல்லிய பிரஷால் தேய்த்தால் போய்விடுகிறது. ஸ்பிரிட், சானிடைசர் பக்கமே போகாதீர்கள், அக்ரிலிக்கில் மயிரிழை மாதிரி விரிசல் விழும்.

எல்லா முரட்டு மீனுக்கும் இது சரிவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மரூன் க்ளவுன் ராஜ்ஜியம் செய்கிற தொட்டியில் ஆசெல்லாரிஸ் விடுவதற்கு எந்தப் பெட்டியும் உதவாது, வேறு இன க்ளவுனை அது கடைசிவரை ஏற்காது. ட்ரிகர் மீன் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். டாம்சலாகவே இருந்தாலும் இரண்டடித் தொட்டி என்றால் பெட்டிக்குச் செலவழிப்பதைவிட டாம்சலுக்கு வேறு வீடு பார்ப்பது நல்லது, விரட்டப்படுகிற மீன் ஓடி ஒளிய அங்கே இடமே கிடையாது.

அடுத்த பெட்டி செய்தால் நீளத்தை ஒன்றரை அடியாக்கி நடுவில் கழற்றி மாட்டுகிற தடுப்பு ஒன்று வைப்பேன், அப்போது க்ளவுன்களைத் தனித் தொட்டிக்குத் திருப்பி அனுப்பாமல் ஒரு பக்கம் அவற்றை வைத்துக்கொண்டே மறுபக்கத்தில் டொமினோவைப் பிடித்துவிடலாம்.