எட்டணாவா, எழுபத்தைந்து ரூபாயா?

இந்தியச் சுதந்திரத்தின் நினைவாக ஒரே ஒரு நாணயம் வாங்கி வைக்கலாம் என்று நினைப்பவருக்கு நான்கு வாய்ப்புகள் இருக்கின்றன: 1972 வெள்ளி விழா, 1997 பொன்விழா, 75-ஆம் ஆண்டுக்காக வந்த 2022, 2023 வெளியீடுகள். உண்மையான போட்டி முதலுக்கும் கடைசிக்கும்தான்.

1972-இன் பத்து ரூபாய் 39 மி.மீ. அகலம், 22.5 கிராம் எடை. 2023-இன் 75 ரூபாய் 44 மி.மீ., 35 கிராம். இரண்டிலும் பாதிதான் வெள்ளி. ஆக முதலாவதில் 11.25 கிராம், இரண்டாவதில் 17.5 கிராம். 75 ரூபாயில் மீதி 40 சதவீதம் செம்பு, நிக்கலும் துத்தநாகமும் தலா 5. இரண்டாம் உலகப் போரின்போது வெள்ளி தட்டுப்பாடு வந்து, ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட ரூபாயை இதே கலவையில்தான் அடித்தார்கள். சுதந்திரம் கொண்டாட வெள்ளைக்காரன் கலவை!

வெள்ளிக் கணக்கில் 75 ரூபாய்தான் முன்னால் நிற்கிறது. ஆனால் திருப்பிப் பாருங்கள். இரண்டிலுமே நாடாளுமன்றம் இருக்கிறது. 1972-இல் பழைய வட்டக் கட்டடம் பின்னணிதான். முன்னால் ஓர் ஆணும் பெண்ணும் கொடியைப் பிடித்து நிற்கிறார்கள். 2023-இல் வெறும் கட்டடம். மே 28 அன்று புதிய நாடாளுமன்றத் திறப்பு விழாவில் வெளியிட்ட நாணயம், அதனால் திறப்பு விழா அழைப்பிதழ் போலவே இருக்கிறது. எனக்கு அந்தக் கொடி பிடித்த ஜோடிதான் பிடிக்கிறது.

அதே ஜோடி 1972-இன் 50 பைசாவிலும் உண்டு. செப்பு-நிக்கல் காசு, விலையும் குறைவு. டீக்கடை, பஸ், உண்டியல் என்று ஊரெல்லாம் சுற்றித் தேய்ந்த எட்டணா. என் ஓட்டு இதற்குத்தான். 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் முடிவோடு செல்லாமல் போயின. எட்டணா இன்றும் சட்டப்படி செல்லும், பத்து ரூபாய் வரை கொடுக்கலாம். கடைக்காரர் வாங்குவாரா என்பது வேறு கதை. 75 ரூபாயோ பெட்டியில் வைத்து, முகமதிப்பைவிடப் பல மடங்கு விலைக்கு விற்பது. அதை நீட்டி யாரும் காய்கறி வாங்கப் போவதில்லை.

1997-இல் 50 ரூபாய் வெள்ளி நாணயமும் உண்டு, 50 பைசாவும் உண்டு. அந்த 50 பைசாவில் தண்டி யாத்திரை. அருமையான விஷயம்தான், ஆனால் 22 மி.மீ. எஃகு வட்டுக்குள் அத்தனை பேரை அடைத்ததில் காந்தியையே தேட வேண்டியிருக்கிறது.

2022 வரிசைக்குச் செலவே இல்லை. ஜூன் 6 அன்று வெளியிட்ட 1, 2, 5, 10, 20 ரூபாய்க் காசுகள், 75-ஆம் ஆண்டு விழாச் சின்னத்தோடு. சில்லறையில் வந்தால் எடுத்து வைக்கலாம். பன்னிரண்டு பக்க 20 ரூபாய் மட்டும் பார்க்க லட்சணமாக இருக்கும்.

சரி, 1972 காசு வாங்குவதானால் ஆண்டுக்குக் கீழே பாருங்கள். சிறு வைரக் குறி இருந்தால் மும்பையில் அடித்தது, எதுவும் இல்லாவிட்டால் கொல்கத்தா. அப்புறம், கறுத்திருக்கிறதே என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பளபளக்கும், விலைதான் பாதியாகிவிடும்.