தெசலோனிகியில சரக்கு வாங்கப் போறீங்களா? சாண்டோரினிய விட்டுட்டு நௌசாவ எடுங்க

கிரீஸோட வடக்குல இருக்கற தெசலோனிகி போய்ட்டு வர்றவங்க பையத் தொறந்து பாத்தா முக்காவாசி ஒரே செட்டுதான், பிராந்தி மாதிரியான மெடாக்ஸா ஒண்ணு, சோம்பு சரக்கான ஊசோ ஒண்ணு, காசு மிச்சம் இருந்தா ஒரு சாண்டோரினி வைன். மூணும் மோசம்னு சொல்ல வரல. ஆனா மெடாக்ஸா 1888-ல ஏதென்ஸ் பக்கத்து பிரேயஸ் துறைமுகத்துல ஆரம்பிச்ச சரக்கு, இப்ப பிரெஞ்சு கம்பெனி ரெமி குவாந்த்ரோ கையில இருக்கு, பல நாட்டு ஏர்போர்ட்ல சாதாரணமா கிடைக்கும், அதுக்கு இவ்ளோ தூரம் வரத் தேவையில்ல. சாண்டோரினி எங்கயோ தெக்க இருக்கற தீவு, அங்க நல்ல கம்பெனி போடற அசிர்டிகோ திராட்சை வொயிட் வைன் எல்லாம் இப்ப 30 யூரோவத் தாண்டிப் போயிடுச்சு. இந்த ஊருக்கு மேற்க ஒண்ணேகால் மணி நேரத்துல நௌசா, தெக்க அரை மணி நேரத்துல எபனோமி, ரெண்டு ஊர் வைனும் தெருமுனைக் கடையிலயே அடுக்கி வெச்சிருக்கான், அதுவும் பாதி வெலைக்கு. அதான் இந்த ரிவ்யூ, எங்க வாங்கலாம், எத வாங்கலாம், எந்தக் கடையப் பாத்தா திரும்பி நடக்கலாம்னு.

முதல்ல கடை. கிரீஸ்ல வைன், சரக்கு விக்கிற கடைக்குப் பேரு காவா. ஏரியாவுக்கு ஒண்ணாவது இருக்கும், எக்னாத்தியா ரோட்டுக்கு மேல ஏறிப் போற சந்துகள்ல நிறைய. நான் வழக்கமா வாங்குன கடை பேரப் போடல, ஏன்னா அது ஒண்ணும் ஸ்பெஷல் கடை இல்ல, அந்த மாதிரி கடை நீங்க தங்குற தெருவுலயே இருக்கும். எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னா, உள்ள வெளிச்சம் கம்மியா இருக்கணும், ஏசி ஓடணும், பாட்டில வெலைப்படி அடுக்காம ஊர்வாரியா அடுக்கியிருக்கணும், நௌசா ஒரு தட்டு, அமிந்தியோ ஒரு தட்டு, டிராமா ஒரு தட்டுன்னு. மூலையில டேப் வெச்ச ஸ்டீல் டேங்க் ரெண்டு மூணு நிக்கும், பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருத்தர் காலி தண்ணி பாட்டிலோட வந்து நிரப்பிட்டுப் போவாரு. இதெல்லாம் இருந்தா தாராளமா உள்ள போகலாம்.

நான் போன கடையில கல்லாவுல இருந்தது ஒரு அறுபது வயசு அம்மா. எவ்ளோ ரூபாய்க்கு வேணும், ரெட்டா வொயிட்டான்னு எதுவும் கேக்கல, "இன்னைக்கு ராத்திரி என்ன சாப்பிடப் போறீங்க?"ன்னுதான் கேட்டாங்க. மட்டன்னு சொன்னேன். உடனே ரேக்குல இருந்து நௌசா பாட்டில் ரெண்டு எடுத்து வெச்சாங்க, ஒண்ணு பன்னெண்டு யூரோ சொச்சம், இன்னொண்ணு இருபதுக்குக் கிட்ட, வெல கம்மியா இருந்ததத் தட்டிக் காட்டி "இது இன்னைக்கே குடிங்க, அது ஊருக்கு எடுத்துட்டுப் போய் அஞ்சு வருஷம் மறந்துடுங்க"ன்னாங்க. கஸ்டமர் சர்வீஸ்னா இதுதாங்க. காஸ்ட்லிய என் தலையில கட்டணும்னு அவங்களுக்கு அவசரமே இல்ல.

நௌசாவப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லியே ஆகணும். வெர்மியோ மலைச் சரிவுல வெளையிற க்சினோமாவ்ரோங்கற திராட்சை, அது மட்டும்தான் போடணும், வேற ரகம் கலந்தா லேபிள்ல நௌசான்னு போட முடியாது, 1971-லயே இந்தப் பேருக்கு சட்டப் பாதுகாப்பு வந்தாச்சு. ரெட் வைன்னு நெனச்சு ஊத்துனா கலரப் பாத்து ஏமாந்துடுவீங்க, வெளிறிப்போன செங்கல் கலர்ல இருக்கும், தண்ணி கலந்துட்டானோன்னு தோணும். வாயில வெச்சா தெரியும் சேதி. நல்ல புளிப்பு, அப்புறம் பாக்கு மென்ன மாதிரி ஈறெல்லாம் இறுக்கிப் பிடிக்கிற துவர்ப்பு, மூக்குல காஞ்ச தக்காளியும் ஆலிவும். சும்மா குடிக்கறவங்களுக்கு முதல் கிளாஸ் பிடிக்காது, கொழுப்புள்ள கறி ஒரு துண்டு வாயில போட்டு அது மேல குடிச்சீங்கன்னா அந்தத் துவர்ப்பு எங்க போச்சுன்னே தெரியாது. ஒரே ஒரு எச்சரிக்கை, மிளகா தூக்கலா போட்ட கறியோட வேண்டாம், துவர்ப்பும் காரமும் சேந்து நாக்கு எரியும், சாஃப்டா எலுமிச்சை, ஓரிகானோ போட்டு வாட்டுன கறிதான் இதுக்கு ஜோடி.

எந்த கம்பெனின்னு கேட்டா, கிர் யானி கம்பெனியோட ராம்னிஸ்தா கண்ண மூடிட்டு வாங்கலாம். இந்த கம்பெனிய ஆரம்பிச்ச யானிஸ் புதாரிஸ் 2011-ல இருந்து 2019 வரைக்கும் இதே தெசலோனிகிக்கு மேயரா இருந்தவரு, அவங்க குடும்பம் 1879-ல இருந்து வைன் வியாபாரம். மேயர் வீட்டு வைன்னு சொல்லி ஊர்ல பரிசா குடுத்தாலும் ஒரு கதை இருக்கும் பாருங்க. நௌசா வெல அதிகமா தெரிஞ்சா அதே திராட்சையில அமிந்தியோ வைன் எடுங்க, அது இன்னும் உயரமான குளிர் ஏரியா, இளஞ்சிவப்பு ரோஸ் வைனும் நுரை பொங்கற ஸ்பார்க்ளிங் வைனும் கூட அங்க போடறாங்க, வெயில் காலத்துக்கு அந்த ரோஸ் செம.

வொயிட் வைன்ல என் ஓட்டு மலகூசியாவுக்கு. இந்த ரகம் ஒரு காலத்துல கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சு, லோகோதெதிஸ்னு ஒரு பேராசிரியர் மிச்சம் இருந்த கொடியத் தேடிப் பிடிச்சு வளக்க, 1970-கள்ல போர்த்தோ கர்ராஸ் எஸ்டேட்ல வேல பாத்த வாங்கெலிஸ் கெரொவசிலியு அதுல நல்ல வைன் போட முடியும்னு காட்டுனாரு. அப்புறம் அவரு சொந்த ஊரு எபனோமியில தனியா எஸ்டேட் போட்டாரு, கெரொவசிலியுன்னு லேபிள்ல பாத்தாலே எடுத்துடலாம். பீச் பழ வாசனை, மல்லிப் பூ வாசனை, லேசா துளசி வாசனை கூட வரும், நம்ம ஆளுங்களுக்கு முதல் தடவையே பிடிக்கிற வைன் இதுதான். காரமான சாப்பாட்டோடயும் சண்டை போடாது. நேரம் இருந்தா எஸ்டேட்டுக்கே போங்க, கார்க் எடுக்கற திருகாணி மட்டுமே ரெண்டாயிரத்துக்கு மேல சேத்து மியூசியம் வெச்சிருக்காரு, அந்த ஆர்வத்த என்ன சொல்ல.

இப்ப ஸ்பிரிட்ஸ் பக்கம். இந்த ஊர்ல டேபிள்ல முக்கியமா ஓடறது சிப்புரோ. வைனுக்குப் பிழிஞ்ச திராட்சையோட தோலும் விதையும் மிச்சம் இருக்கும்ல, அத ஊறவெச்சு செப்புப் பானையில காய்ச்சுனது. 40 டிகிரிக்கு மேலதான் பெரும்பாலும், அதாவது ஆல்கஹால் 40 சதவீதத்துக்கு மேல. சோம்பு போட்டது, போடாததுன்னு ரெண்டு இருக்கு, கடையில கட்டாயம் கேப்பாங்க, சோம்பு வேண்டாம்னா "ஹொரிஸ் க்ளிகானிசோ"ன்னு சொல்லுங்க போதும். என்னக் கேட்டா முதல்ல சோம்பு இல்லாதது, ஏன்னா அதுலதான் திராட்சை தெரியும், சோம்பு போட்டா எல்லாமே சோம்புதான். டிராமாவுல இருந்து வர்ற இதோனிகோ, திரிகாலா பக்கத்து சிலிலிஸ் ரெண்டும் எல்லாக் கடையிலயும் இருக்கும். சிலிலிஸ்ல டார்க் கேவ்னு ஓக் பீப்பாயில ஊறவெச்சது ஒண்ணு வருது, விஸ்கி பார்ட்டிகளுக்கு அதுதான் சரியான கிஃப்ட். 200 மில்லி பாட்டிலும் உண்டு, கிட்டத்தட்ட நம்ம குவாட்டர் சைஸ், நாலு பேருக்குக் குடுக்கணும்னா இதுல நாலு வாங்கறது புத்திசாலித்தனம்.

கபானி மார்க்கெட் பக்கம் சுத்துனீங்கன்னா மீனு, ஆலிவ் கடைக்கு நடுவுல லேபிள் இல்லாத தண்ணி பாட்டில்ல வெள்ளையா ஒண்ணு விப்பாங்க, "எங்க கிராமத்துல காய்ச்சுனது"ன்னு. இது ஒண்ணும் கள்ளச்சாராயம்னு ஒதுக்கிட முடியாது, சின்ன விவசாயிங்க வருஷத்துல குறிப்பிட்ட நாள் மட்டும் காய்ச்சிக்கறதுக்கு அங்க ரொம்ப காலமா சட்டத்துலயே எடம் உண்டு, அவங்களுக்கு வரியும் ரொம்பக் கம்மியா இருந்துச்சு. பாட்டில் கம்பெனி சிப்புரோவுக்கும் அப்ப பாதி வரிதான் இருந்துச்சு. இந்த வரிச் சலுகையெல்லாம் ஐரோப்பிய சட்டத்துக்கு விரோதம்னு 2019 ஜூலையில ஐரோப்பிய கோர்ட் தீர்ப்பு குடுத்துச்சு. சரி, வாங்கலாமா? தெரிஞ்சவங்க யாராவது கை காட்டுனா அங்கயே குடிக்க அரை லிட்டர் வாங்குங்க. பிளைட்ல கொண்டு போறதுக்குன்னா தொடவே தொடாதீங்க, சரக்கு கம்பெனி பேக்கிங்ல, சீல் ஒடையாம இருந்தாத்தான் செக்-இன்ல ஏத்துவான்.

அதே கபானிக்கு எதிர்ல, எர்மு தெருவத் தாண்டுனா மோதியானோ மார்க்கெட். 1920-கள்ல கட்டுன கண்ணாடிக் கூரைக் கட்டடம், ரொம்ப வருஷம் பாழடைஞ்சு கெடந்து 2022 கடைசியில புதுசு பண்ணித் தொறந்தாங்க. உள்ள உக்காந்து ஒரு கிளாஸ் ருசி பாக்க ஜோரான எடம், வாங்கறதுக்கு வெளிய வாங்க, அந்தப் பளபளப்புக்கும் சேத்துதான் பில்லு வரும்.

ஊசோ வாங்கியே தீருவேன்னா, லேபிள்ல ஒண்ணு பாருங்க. ஊசோன்னு போடறதுக்கு அதுல இருக்கற ஆல்கஹால்ல 20 சதவீதம் சோம்போட சேத்து வடிச்சதா இருந்தாப் போதும்னு விதி, மீதி சாதா ஆல்கஹாலா இருக்கலாம். நல்ல கம்பெனிங்க 100 சதவீதமும் வடிச்சதுன்னு பெருமையா லேபிள்ல போட்டுக்கும். லெஸ்போஸ் தீவுல ப்ளோமாரி ஊரு பர்பயானி நீல லேபிள் 46 டிகிரி, நாசூக்கா இருக்கும்னு எதிர்பாக்காதீங்க, ஆனா அதுதான் ஊசோ. தண்ணி ஊத்துனா பால் வெள்ளையா மாறும், சோம்புல இருக்கற அனெத்தோல் எண்ணெய் தண்ணியில கரையாதுங்கறதாலதான். முதல்ல தண்ணி, அப்புறம் ஐஸ், இந்த ஆர்டர மாத்தாதீங்க. வீட்டுல ஃப்ரீசர்ல வெக்கவும் கூடாது, அந்த எண்ணெய் பொடிப்பொடியா ஒறஞ்சு நின்னுடும்.

அடுத்து ரெட்சினா. பைன் மரப் பிசின் வாசனை வர்ற வைன், பாதிப் பேரு இத டர்பன்டைன்னு திட்டுவாங்க, நான் திட்டல. மலமதீனா கம்பெனியோட அரை லிட்டர் பாட்டில், சோடா மூடி போட்டு வரும், நல்லா ஜில்லுன்னு பொரிச்ச மத்தி மீனோட, வறுத்த சிப்பியோட அடிச்சுப் பாருங்க, ரெண்டு மூணு யூரோவுக்குள்ள இந்த ஊர்ல இதவிட சந்தோஷம் கிடையாது. இதையே கொஞ்சம் மரியாதையா குடிக்கணும்னா கெஹ்ரிஸ் கம்பெனி அசிர்டிகோ திராட்சையில போடற "பைன் மரத்தின் கண்ணீர்", பாக்கப் பேருதான் சோகம், வைன் அருமை. ரெட்சினாவக் கிண்டல் பண்ற ஆளுக்கு லேபிள மறைச்சு இத ஊத்திக் குடுங்க.

டேங்க்ல இருந்து பிடிச்சுக் குடுக்கற லூஸ் வைன், கிலோ கணக்குலதான் கேப்பாங்க, லிட்டர் இல்ல. ரூமுல அன்னைக்கு ராத்திரிக்கு ஓகே. மூணாவது நாள் வினிகருக்குப் பாதி வழி போயிருக்கும், அவ்ளோதான் சொல்லுவேன்.

இப்ப திட்ட வேண்டியது. கடற்கரை ரோட்டு டூரிஸ்ட் கடை ஒண்ணு, பேர் வேண்டாம். கண்ணாடிக்குப் பின்னாடி கோயில் தூண் ஷேப்ல, பழைய ஜாடி ஷேப்ல ஊசோ பாட்டில், கூடவே மலகூசியா பத்துப் பன்னெண்டு, எல்லாம் நிமித்தி வெச்சு. அந்தக் கண்ணாடி பாக்கறது மேற்க, சாயங்கால வெயில் மொத்தமும் பாட்டில் மேல. ஒண்ண எடுத்துக் கழுத்தத் தொட்டா சுடுது, கார்க் லேசா மேல தள்ளி ஃபாயில் புடைச்சு நிக்குது. இது வெந்து போயிருக்குமேன்னு கேட்டேன், கடைக்காரர் "இல்ல இல்ல, கிரேக்க வெயில் வைனுக்கு நல்லது"ன்னாரு. கொடியில இருக்கும்போது நல்லதுதாங்க, பாட்டில்ல இல்ல. வெல வேற காவாவ விட ஆறு யூரோ அதிகம். தூண் ஷேப் பாட்டிலுக்குள்ள என்ன ஊசோன்னு கேட்டதுக்கு "நல்ல ஊசோ"ன்னு பதில் வந்துச்சு, அதுக்கு மேல நான் பேசல.

சூப்பர் மார்க்கெட்டையும் லேசா நெனைக்காதீங்க. மசூத்திஸ் இந்த ஊர்லயே பொறந்த செயின், வைன் ரேக் ஆச்சரியமா நல்லா இருக்கு, பெரிய கம்பெனி நௌசா, ப்ளோமாரி ஊசோ எல்லாம் காவாவ விட ஒண்ணு ரெண்டு யூரோ கம்மியாவே பாத்தேன். ஆனா அங்க யாரும் உங்க கிட்ட என்ன சாப்பிடப் போறீங்கன்னு கேக்க மாட்டாங்க, அதனால என்ன வேணும்னு முடிவு பண்ணிட்டவங்களுக்கு சூப்பர் மார்க்கெட், முடிவு பண்ணாதவங்களுக்கு காவா.

எடுத்துட்டுப் போற கணக்கு இது. 24-ல இருந்து 70 டிகிரிக்குள்ள இருக்கற சரக்கு செக்-இன்ல ஆளுக்கு 5 லிட்டர் வரைக்கும் ஏத்தலாம், 24-க்குக் கீழ வைனுக்கு அந்த லிமிட் கிடையாது, எடை மட்டும்தான் பிரச்சனை. ஆனா இந்தியாவுல எறங்குறவங்களுக்கு கஸ்டம்ஸ்ல ட்யூட்டி இல்லாம வைனு சரக்கு எல்லாம் சேத்து 2 லிட்டர்தான், அதுக்கு மேல போனா ட்யூட்டி பாட்டில் வெலையையே முழுங்கிடும். நான் போட்ட செட்டு ராம்னிஸ்தா ஒண்ணு, சோம்பு இல்லாத சிப்புரோ 700 மில்லி ஒண்ணு, மிச்ச எடத்துக்கு 200 மில்லி பாட்டில் ரெண்டு, கணக்கு கச்சிதமா உள்ள வந்துடும். மலகூசியாவ அங்கயே குடிச்சுடுங்க, அது இளசா இருக்கும்போது குடிக்கற வைன். வாங்குறத வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுக்கோங்க, சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல நிறைய சின்னக் கடை ஷட்டர் எறக்கிடுவான், ஞாயித்துக்கிழமை சூப்பர் மார்க்கெட்டும் லீவு, அப்ப தொறந்திருக்கறது அந்தத் தூண் பாட்டில் பார்ட்டி மட்டும்தான்.