அடுத்த மாடலில் குதிரைத் திறனைக் கூட்ட வேண்டாம், இவற்றைச் சரிசெய்யுங்கள்

புது பைக் ஒன்று வரப்போகிறது என்றதும் முதலில் கசியும் விவரங்கள் மூன்று: எத்தனை சிசி, எத்தனை குதிரைத் திறன், எத்தனை அங்குலத் திரை. 300 முதல் 700 சிசி வரையிலான வண்டிகளில் இந்த மூன்றிலும் இனி பெரிய குறை எதுவும் இல்லை. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-இன் 452 சிசி ஒற்றை சிலிண்டர் 40 குதிரைத் திறன் தருகிறது. ஹோண்டா என்எக்ஸ்500-இன் 471 சிசி இரட்டை சிலிண்டர் அதைவிடச் சற்றுக் கூடுதல். யமஹா டெனெரே 700-இன் 689 சிசி எஞ்சின் 70-ஐத் தாண்டுகிறது. இரண்டு பேர், பின்னால் மூட்டை முடிச்சு, நாள் முழுக்க நெடுஞ்சாலை என்று வைத்துக்கொண்டாலும் இந்த இழுவை தாராளம். இந்தப் பிரிவை மொத்தமாக எடைபோட்டால் எஞ்சினுக்கு நல்ல மதிப்பெண் போடலாம். சக்கரம், சாக் (அதிர்வைத் தாங்கும் அப்சார்பர்), மின்சாரம், பராமரிப்பு ஆகிய நான்கிலும்தான் மதிப்பெண் இறங்குகிறது. ஓட்டுபவர்கள் அடுத்த மாடலில் தேடுவதும் இந்த நான்கைத்தான்.

சக்கரத்திலிருந்தே தொடங்கலாம். கரடுமுரடான பாதைக்கும் ஏற்றது என்று விற்கப்படும் வண்டிகளில் கம்பிகள் கொண்ட ஸ்போக் சக்கரம் தேவைதான். பள்ளத்தில் அடி வாங்கினால் வார்ப்பு அலாய் சக்கரம் விரிசல் விடும். ஸ்போக் ரிம் வளையும், பெரும்பாலும் தட்டி நிமிர்த்தி ஓட்டிவிடலாம். ஆனால் வழக்கமான ஸ்போக் ரிம்மின் நடுவில் ஒவ்வொரு ஸ்போக்குக்கும் ஒரு துளை இருக்கிறது. அந்தத் துளைகள் வழியாகக் காற்று வெளியேறும் என்பதால் உள்ளே டியூப் போட்டாக வேண்டும். டியூப் பங்க்சர் ஆனால் அச்சைக் கழற்றி, சக்கரத்தை இறக்கி, டயர் ஓரத்தை ரிம்மிலிருந்து பிரித்து, நெம்புகோல் போட்டு, டியூபை உருவி, ஒட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். ஏற்றும்போது நெம்புகோல் முனை டியூபைக் கிள்ளிவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. டியூப்லெஸ் டயரில் ஆணியைப் பிடுங்கி, துளையை ராவி, ரப்பர் திரியைச் செருகி, காற்றடித்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம், சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். பாதுகாப்பிலும் பெரிய வித்தியாசம் உண்டு. கிழிந்த டியூப் ஒரே மூச்சில் காற்றை விட்டுவிடும். டியூப்லெஸ்ஸில் ஆணி குத்திய இடம் பெரும்பாலும் மெதுவாகத்தான் இறங்கும்.

இதற்குத் தீர்வு புதிதல்ல. 1987-இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர்100ஜிஎஸ் வண்டியிலேயே ஸ்போக்குகளை ரிம்மின் ஓரத்தில் பொருத்தி, நடுப்பகுதியைத் துளையில்லாமல் விட்டார்கள். ஹிமாலயன் 450-க்கும் முதலில் டியூப் சக்கரம், பிறகு டியூப்லெஸ் ஸ்போக் சக்கரம் தேர்வாக வந்தது. இனி வரும் மாடல்களில் இதைத் தேர்வாக வைக்காமல் வண்டியோடே தர வேண்டும். டியூப் ரிம்மின் துளைகளை ஒட்டுநாடாவால் அடைத்து டியூப்லெஸ் ஆக்கும் வழியைச் சிலர் கையாளுகிறார்கள். அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். டியூப்லெஸ் ரிம்மின் உட்புறத்தில், டயர் ஓரம் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேடு உண்டு. காற்று இறங்கினாலும் டயர் நழுவி நடுப்பள்ளத்தில் விழாமல் பிடித்துக்கொள்வது அந்த மேடுதான். பல டியூப் ரிம்களில் அது கிடையாது. தவிர, ஸ்போக்கை ஒருமுறை இறுக்கினாலே அடைப்பு கிழிந்து கசியத் தொடங்கலாம்.

சாக் விஷயத்தில் எதிர்பார்ப்பு இன்னும் எளிது: கையால் திருப்பும் ஒரு குமிழ். ஓட்டுபவர் தனியாகப் போகும் நாளும், பின்னால் ஆளும் பெட்டியும் ஏறும் நாளும் ஒன்றல்ல. பின் ஸ்பிரிங்கின் ப்ரீலோடை, அதாவது பாரம் ஏறும் முன்பே அதில் இருக்கும் அழுத்தத்தை, அதற்கேற்ப மாற்ற வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் கொக்கி ஸ்பேனரை மட்கார்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே நுழைத்து, கை முட்டியைத் தேய்த்துக்கொண்டு வளையத்தைத் திருப்ப வேண்டியிருக்கிறது. அதனாலேயே பலர் அதைத் தொடுவதில்லை. தொடாவிட்டால் என்ன ஆகும்? பாரம் ஏறியதும் பின்பக்கம் அமுங்கும், முன்சக்கரத்தின் மேல் விழும் எடை குறையும், வளைவில் வண்டி வெளிப்பக்கமாக விலகி ஓடும், ஹெட்லைட் ஒளி மேலேறி எதிரில் வருபவர் கண்ணைக் கூசும். ப்ரீலோடு சரியா என்று பார்க்க, மைய ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரம் தரையில் படாத நிலையில் அச்சிலிருந்து நேர் மேலே பாடியில் ஒரு புள்ளிவரை அளக்கவும். பிறகு முழு உடுப்போடு, வழக்கமாகப் போகும் பாரத்தோடு ஏறி உட்கார்ந்து அதே தூரத்தை இன்னொருவரை அளக்கச் சொல்லவும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பின்சக்கரத்தின் மொத்த மேல்கீழ் அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 150 மி.மீ. அசைவு உள்ள வண்டியில் 45 முதல் 50 மி.மீ. சரி. ப்ரீலோடை முழுக்கத் திருப்பியும் அந்த அளவு வராவிட்டால் ஸ்பிரிங்கே உங்கள் எடைக்கு மெலிது. அப்போது கடினமான ஸ்பிரிங்கை நிறுவனமே உதிரிபாகமாக விற்க வேண்டும். இப்போது அது அரிதாகவே கிடைக்கிறது.

பின் சாக்கைத் திறந்து பழுதுபார்க்கும்படி செய்வதும் அவசியம். இந்த விலைப் பிரிவின் சாக்குகள் பலவற்றில் தலைப்பகுதி அழுத்தி மூடப்பட்டிருக்கும், வாயு நிரப்ப வால்வு இருக்காது. எண்ணெய் சீல் போனால் சீலை மட்டும் மாற்ற முடியாமல் முழு சாக்கையும் தூக்கிப் போட வேண்டும். அதேபோல பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கும் சாக் இணைப்புத் தண்டுகளுக்கும் கிரீஸ் அடிக்கும் நிப்பிள் வேண்டும். நிப்பிள் இருந்தால் சேறும் தண்ணீரும் கண்ட மறுநாளே கிரீஸ் துப்பாக்கியால் நாலு தள்ளு தள்ளி முடித்துவிடலாம். இல்லாவிட்டால் பின்பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டும். பிரிக்க யாருக்கும் மனம் வருவதில்லை, ஊசி பேரிங்குகள் துருப்பிடித்து இறுகிவிடுகின்றன. நிப்பிளுக்கு ஆகும் செலவு அற்பம். அது காணாமல் போனதற்கு நியாயமான காரணம் ஏதும் எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்து மின்சாரம். விளம்பரத்தில் யாருமே சொல்லாத எண் ஒன்று உண்டு: எஞ்சினோடு சேர்ந்து மின்சாரம் உற்பத்தி செய்யும் ஸ்டேட்டர், எத்தனை ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது) எத்தனை வாட் தருகிறது. 5,000 ஆர்பிஎம்மில் 300 வாட் தரும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். எரிபொருள் பம்ப், இன்ஜெக்டர், இக்னிஷன், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈசியூ, விளக்குகள் எல்லாம் சேர்ந்து 150 முதல் 200 வாட் வரை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் சூடாகும் கைப்பிடிக்கு 35, கூடுதல் விளக்கு இரண்டுக்கு 40, போன் சார்ஜருக்கு 20 என்று கணக்குப் போட்டால் தாக்குப்பிடிக்கும். ஆனால் நெரிசலில் வண்டி ஐடிலில் நிற்கும்போது உற்பத்தி பாதிக்கும் கீழே போய்விடும், அதே நேரத்தில்தான் ரேடியேட்டர் விசிறியும் சுற்றத் தொடங்கும். பற்றாக்குறையை பேட்டரி ஈடுகட்டும். தினமும் இப்படியே நடந்தால் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துபோகும். ஆகவே ஐடிலில் எவ்வளவு, பயண வேகத்தில் எவ்வளவு என்று இரண்டு எண்களையும் நிறுவனம் அச்சிட வேண்டும்.

ஸ்டேட்டரின் மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் ரெக்டிஃபயர்-ரெகுலேட்டரின் வகையும் முக்கியம். ஷன்ட் வகை ரெகுலேட்டர் தேவைக்கு மிஞ்சிய மின்னோட்டத்தை ஷார்ட் செய்து ஸ்டேட்டருக்கே திருப்பிவிடும். அதனால் விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் ஸ்டேட்டர் எப்போதும் முழு வேலை செய்து சூடாகிக்கொண்டே இருக்கும். சீரிஸ் வகை தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்ச நேரம் சுற்றைத் துண்டித்துவிடும், ஸ்டேட்டர் குளிர்ச்சியாக இருக்கும். ஷன்ட்டே போடுவதென்றாலும் குறைவாகச் சூடாகும் மாஸ்ஃபெட் வகையைப் போட்டு, காற்றோட்டம் உள்ள இடத்தில் வைக்கட்டும். சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடினால் அது வெந்துபோவதில் வியப்பில்லை. வண்டி வைத்திருப்பவர்கள் சர்வீஸின்போது ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று வயர்களின் கப்ளரை (இணைப்பியை) பிரித்துப் பார்ப்பது நல்லது. பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் உள்ளே தொடர்பு தளர்ந்து சூடேறுகிறது என்று பொருள். முழுதாக உருகும் முன் டெர்மினலை மாற்றிவிடலாம். புதிய மாடல்களில் சாவி போட்டால் மட்டும் உயிர் பெறும், தனி ஃபியூஸ் கொண்ட துணைக் கப்ளர் ஒன்று முன்பக்கமும் ஒன்று பின்பக்கமும் இருந்தால் வயரிங்கை வெட்டி ஒட்டும் வேலையே இருக்காது.

ஹேண்டில்பாரில் போன் மாட்ட, அதிர்வைத் தணிக்கும் இடம் ஒன்றும் ஒதுக்க வேண்டும். சக்திவாய்ந்த மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவின் செயல்திறனைக் குறைக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. வண்டியின் திரை எவ்வளவு பெரிதானாலும் வரைபடத்துக்குப் பலர் போனைத்தான் நம்புகிறார்கள்.

எலக்ட்ரானிக்ஸில் முன்னேற்றம் உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது. வளைவில் சாய்ந்த நிலையிலும் வேலை செய்யும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) 2014 மாடல் கேடிஎம் 1190 அட்வென்சரில் முதலில் வந்தது. 2020-இல் அதே வசதி 373 சிசி 390 அட்வென்சருக்கே இறங்கிவிட்டது. எனவே 300 சிசிக்கு மேற்பட்ட எந்தப் புது மாடலிலும் இதை எதிர்பார்ப்பது பேராசை அல்ல. வேகத்தைத் தானே சீராகப் பிடித்துக்கொள்ளும் க்ரூஸ் கண்ட்ரோலும் அப்படித்தான். த்ராட்டில் ஏற்கெனவே மின்னணு என்றால் சுவிட்ச்சும் மென்பொருளும்தான் கூடுதலாக வேண்டும். 2023-இல் வந்த டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 310-இல் அது உண்டு. அதே ஆண்டு வந்த ட்ரையம்ஃப் ஸ்பீடு 400-இல் மின்னணு த்ராட்டில் இருந்தும் க்ரூஸ் இல்லை. ஹோண்டா 2023-இல் அறிவித்த ஈ-கிளட்ச், லீவரை அப்படியே வைத்துக்கொண்டு கிளட்ச் வேலையைத் தானே செய்கிறது. நெரிசலில் மணிக்கட்டு நோகிறவர்களுக்கு அது சிறிய வண்டிகளிலும் பரவலாக வர வேண்டும். மற்ற வண்டிகளின் தூரத்தைக் கணிக்கும் ரேடார் மட்டும் இந்தப் பிரிவுக்கு இப்போதைக்கு வேண்டாம், அந்தப் பணத்தை நல்ல சாக்கில் போடலாம்.

சிறிய எரிச்சல் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சாவியை அணைத்துப் போட்டதும் சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் ட்ராக்ஷன் கண்ட்ரோல், ரைடிங் மோடு எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவது. ஏபிஎஸ் தானாக மீண்டும் இயங்குவது பாதுகாப்புக்காக, அதை ஏற்கலாம். மற்றவற்றை ஓட்டுபவர் வைத்தபடியே வண்டி நினைவில் வைக்கட்டும்.

பராமரிப்பில் முதல் கேள்வி வால்வு கிளியரன்ஸ், அதாவது எஞ்சின் வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடுக்கு. டெனெரே 700-க்கு வால்வு சோதனை ஏறக்குறைய 40,000 கி.மீ.க்கு ஒருமுறை. டுகாட்டி மல்டிஸ்ட்ராடா வி4-க்கு 60,000 கி.மீ. ஹார்லி-டேவிட்சன் பான் அமெரிக்காவில் அந்த இடுக்கைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் இருப்பதால் அந்த வேலையே கிடையாது. சிறிய ஒற்றை சிலிண்டர் வண்டிகளுக்கும் நீண்ட இடைவெளி சாத்தியம்தான். முடியாதென்றால் திருகும் பூட்டு நட்டும் கொண்ட பழைய முறையாவது இருக்கட்டும். இடுக்கை அளக்கும் ஃபீலர் கேஜும் ஒரு ஸ்பேனரும் இருந்தால் வீட்டிலேயே முடித்துவிடலாம். சிறு தகடு வைத்துச் சரிசெய்யும் ஷிம் முறையில் அளவு தப்பினால் கேம்ஷாஃப்டைக் கழற்றி, தகட்டின் தடிமனை அளந்து, சரியானதைத் தேடி வாங்கி, மறுபடி பூட்ட வேண்டியிருக்கும்.

செயின் பற்றி ஒரே கோரிக்கை: மைய ஸ்டாண்டு. எஞ்சினுக்கு அடியில் புகையைச் சுத்திகரிக்கும் பெரிய கேட்டலிஸ்ட் பெட்டி வந்தபிறகு பல வண்டிகளில் அதற்கு இடமே விடுவதில்லை. மைய ஸ்டாண்டு இல்லாமல் செயினைச் சுத்தம் செய்வதும், சக்கரத்தைச் சுற்றி இறுக்கமான இடத்தைத் தேடுவதும் சிரமம். செயினின் தளர்வை எப்போதும் மிக இறுக்கமான இடத்தில்தான் அளக்க வேண்டும். தளர்வான இடத்தில் அளந்து இறுக்கினால் இறுக்கமான இடம் வரும்போது கியர்பாக்ஸ் வெளியீட்டுத் தண்டின் பேரிங்கை இழுக்கும். ஸ்டாண்டு வண்டியோடு வராவிட்டாலும், பிறகு மாட்டிக்கொள்ள சேஸிஸில் பற்றவைத்த இரண்டு காதுகளாவது விடுங்கள்.

போதுமான டேங்க் கொள்ளளவு, லீவர் தூரத்தை மாற்றும் திருகு, அகலமான சைடு ஸ்டாண்டுப் பாதம், கையால் திருப்பும் ஹெட்லைட் உயரத் திருகு, திரையிலேயே பழுதுக் குறியீடு காட்டும் வசதி. இவை எல்லாம் எங்காவது ஒரு வண்டியில் ஏற்கெனவே இருப்பவை. ஒரே வண்டியில் சேர்ந்து கிடைத்தால் போதும்.

அறிமுகக் காணொளிகள் காட்டாத ஓர் அளவு பயனர் கையேட்டில் இருக்கிறது: வண்டி தாங்கக்கூடிய மொத்த எடை. அதிலிருந்து எண்ணெயும் எரிபொருளும் நிரப்பிய வண்டியின் எடையைக் கழித்தால் ஆளுக்கும் பொருளுக்கும் மிஞ்சுவது எவ்வளவு என்று தெரியும். விடை 170 கிலோ என்று வந்தால், உடுப்பு, ஹெல்மெட்டோடு 85 கிலோ வீதம் இரண்டு பேர் ஏறியதுமே கணக்குத் தீர்ந்துவிட்டது. பிறகு பக்கப் பெட்டிகள், மேல் பெட்டி, உள்ளே வைக்கும் சாமான் எல்லாமே வரம்புக்கு வெளியே. பயண வண்டி என்று பெயர் வைத்து, மூன்று பெட்டிகளைத் துணைப்பொருளாக விற்கும் மாடலுக்கு 200 கிலோவுக்குக் குறையாத இடைவெளி வேண்டும். முன்பணம் கட்டும் முன் கையேட்டை வாங்கி, இந்தக் கழித்தலைப் போட்டுப் பாருங்கள். அதே கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் வால்வு, குளிர்விப்பான், ஃபோர்க் எண்ணெய் ஆகிய மூன்று வரிகளையும் படித்துவிடுங்கள்.