ஃப்ரெட்டா, பிஐஎஃப்சியா, நானோபிட்டா?

உயிரோட இருக்குற செல்லுக்குள்ள ரெண்டு புரோட்டீன் சேருதானு பாக்கணும்னா முக்கால்வாசி பேர் முதல்ல போய் நிக்கிறது பிஐஎஃப்சிலதான், ஏன்னா படம் அவ்ளோ அழகா வரும். மஞ்சளா ஒளிர்ற வீனஸ்ங்கிற புரோட்டீனை ரெண்டா வெட்டி ஆளுக்கொரு பாதிய ஒட்டிவிடுறோம், அதுங்க பக்கத்துல வந்தா பாதி பாதி சேந்து மஞ்சளா ஒளிரும், சாதா ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப்பே போதும். 2002ல மிச்சிகன்ல கெர்ப்போலா குரூப் இத செல்லுக்குள்ள ஃபாஸ்-ஜுன்ங்கிற ஒட்டிக்கிற புரோட்டீன் ஜோடிய வச்சு காட்டுனாங்க.

சிக்கல் என்னன்னா சேந்த பாதிங்க திரும்ப பிரியவே பிரியாது. ஒரு செகண்ட் தெரியாம இடிச்சுக்கிட்டாலும் கல்யாணம் முடிஞ்ச மாதிரிதான். நானே ஒருக்கா புகையிலை இலைல ஊசி போட்டு மூணாம் நாள் பாத்தா நியூக்ளியஸ் எல்லாம் ஜம்முனு மஞ்சள், சந்தோஷத்துல கைடுக்கு மெயிலே போட்டுட்டேன், அப்புறம் கன்ட்ரோல் இலைய வச்சா அதுவும் அதே மஞ்சள்! ஜீன ஓட்டுற சுவிட்ச், அதாவது ப்ரொமோட்டர், ரொம்ப வேகமான 35எஸ், அளவுக்கு மீறி புரோட்டீன் கொட்டுது, ஒட்டாம என்ன பண்ணும். வெறும் வீனஸ் பாதி மட்டும் கன்ட்ரோல்னு வைக்கிறதுல எனக்கு நம்பிக்கை இல்ல, ஒட்டுற இடத்தையே கெடுத்த மியூட்டன்ட் வேணும். கெர்ப்போலா ஆளுங்களும் ஃபாஸ் ஜுன்னோட ஒட்டுற பகுதியான லூசின் ஜிப்பர எடுத்துட்டுதான் ஒளி போகுதானு பாத்தாங்க.

ஃப்ரெட்ல ஆளுக்கொரு முழு ஒளிர்ற டேக்க ஒட்டுவோம், பக்கத்துல வந்தா ஒண்ணோட எனர்ஜி இன்னொன்னுக்குத் தாவும். இது பிஐஎஃப்சி மாதிரி இல்ல, பிரிஞ்சா சிக்னலும் போயிரும். ஆனா தூரத்தோட ஆறாம் அடுக்குல விழும், சிஎஃப்பி (நீலப்பச்சை)-ஒய்எஃப்பி (மஞ்சள்) டேக் ஜோடிக்கு 5 நானோமீட்டர்ல பாதி எனர்ஜி போகுதுன்னா 10ல ஒன்றரை சதவீதம்தான் போகும். அதனால சிக்னல் வரலைன்னா புரோட்டீன் சேரலைனு அர்த்தமில்ல, டேக் தப்பான பக்கம் பாத்துட்டு நிக்கலாம். இதுல சிஎஃப்பி வெளிச்சம் ஒய்எஃப்பி சேனல்ல கசியிறது வேற தனி தலைவலி. ஒளி எவ்ளோ நேரம் நிக்குதுனு அளக்குற ஃப்ளிம் மெஷின் இருந்தா ஃப்ரெட் பண்ணுங்க, இல்லைன்னா வேணாம்னுதான் சொல்லுவேன்.

என் ஓட்டு நானோபிட்டுக்கு. இதுல ஒளி விடுற லூசிஃபெரேஸ் என்சைம ரெண்டா வெட்டி ஆளுக்கொரு துண்டு ஒட்டுறோம், துண்டு சேந்தாதான் ஒளி வரும். ஒரு துண்டு 18 கிலோடால்டன், இன்னொன்னு வெறும் 11 அமினோ அமிலம், ரெண்டுக்கும் தானா ஒட்டுற ஆசை ரொம்ப கம்மி, கேடி (எண் பெருசா இருந்தா ஒட்டு லூசுனு அர்த்தம்) 190 மைக்ரோமோலார். அந்த என்சைம் ஒளி விட வேண்டிய ஃபியூரிமசின் ஊத்துனா போதும், லேசர் வேணாம். எந்தப் பக்கம் எதை ஒட்டணும்னு எட்டு கூட்டணியையும் போட்டுப் பாக்கணும், அது க்ளோனிங் பண்றவங்க கைய ஒடிக்கும். செல்லுக்குள்ள எந்த இடம்ங்கிறதும் மொத்த ஒளிய மட்டும் அளக்குற ப்ளேட் ரீடர்ல தெரியாது. ஆனா பிகேஏங்கிற என்சைமோட ரெண்டு சப்யூனிட்ல வச்சு ஃபோர்ஸ்கோலின்ங்கிற மருந்த விட்டா சைக்ளிக் ஏஎம்பிங்கிற சிக்னல் மூலக்கூறு ஏறும், அதனால ரெண்டும் பிரியும், ஒளியோட கோடு கண்ணு முன்னாடியே இறங்கும். இதையே பிஐஎஃப்சில வச்சு ஃபோர்ஸ்கோலின் விட்டுப் பாருங்க, ஏற்கனவே சேந்த மஞ்சள் அப்படியே உக்காந்திருக்கும்.